பரம்பரைத் தொடர்களும் பொதுச் சுவடிக்கூடமும்

ஏட்டுச் சுவடி ஒன்றைக் காண விழைந்த அறிஞர், அச்சுவடியுள்ள மடத்துக்கோ வீட்டுக்கோ தாமே நடந்து சென்று, உடையவரின் மனம் இளகும்வரை திண்ணையிற் காத்திருந்த காலம் நம்மவர் நினைவினின்றும் இன்னும் அகன்றுவிடவில்லை. இன்று ஒரு கிருமியின் பரம்பரைத் தொடரைக் காண விரும்பும் மாணவன் எவரிடமும் செல்ல வேண்டியதில்லை. இணையத்திலுள்ள பொதுச் சுவடிக்கூடத்தைத் திறந்து, அத்தொடருக்குரிய பதிவிலக்கத்தை இட்டால், முழுத்தொடரும் சில கணங்களில் அவன் கண்முன் நிற்கும். பணம் கொடுக்கவோ, அனுமதி கேட்கவோ, தன் பெயரைச் சொல்லவோ வேண்டியதில்லை. இந்நிலை இயல்பாக அமைந்தது போலத் தோன்றினும், உண்மை அதுவன்று. ஏறக்குறைய அறுபது ஆண்டுக் காலத்தில், பல வழக்குகளுக்கும் பிணக்குகளுக்கும் இடையே, சிலர் செய்த முடிவுகளால் உண்டானது அது. அம்முடிவுகளுட் சில இன்றும் உறுதிப்படவில்லை.

சுவடிக்கூடத்தில் உள்ளது யாது என்பதை முதலில் நோக்குதல் தகும். உயிர்க்கலத்தின் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ. அடினைன், குவானைன், சைற்றோசின், தைமின் என்னும் நான்கு மூலங்களால் ஆயது. அவற்றை நான்கு எழுத்துகளாற் குறித்தால், ஓர் உயிரியின் பரம்பரைச் செய்தி முழுவதும் நீண்டதோர் எழுத்து வரிசையாகிவிடும். பதிவிலக்கத்தைக் கொடுத்துப் பெறும் பக்கத்தில் உயிரியின் பெயர், தொடரின் நீளம், பதிவு செய்தோர் பெயர், அவர் வெளியிட்ட கட்டுரை ஆகியன முதலில் வரும். பின்னர், எவ்வெழுத்துத் தொடங்கி எவ்வெழுத்துவரை எப்புரதத்துக்கு உரியது என்னும் குறிப்புகள் வரும். ஈற்றில் வரிக்கு அறுபது எழுத்தாக, பத்துப் பத்தாகப் பிரித்த தொடர் வரும். அது முடிந்தமைக்கு அடையாளமாக இரண்டு சாய்கோடுகள் நிற்கும். பதிவிலக்கத்தை அடுத்து ஒரு புள்ளியும் ஓர் எண்ணும் இருக்கும். அது பதிப்பெண். தொடர் திருத்தப்படின் இலக்கம் மாறாது, பதிப்பெண்ணே மாறும். இதனைக் கவனியாது தொடரை எடுத்தாளுவோர், பழைய பாடத்தைத் திருந்திய பாடமெனக் கொண்டு மயங்குவதுண்டு.

முதன்முதலில் தொடர் அறியப்பட்டது டி.என்.ஏ.க்கு அன்று, புரதத்துக்கே. கேம்பிரிட்ஜிற் பணியாற்றிய பிரடெரிக் சாங்கர், இன்சுலினின் 51 அமினோவமிலங்கள் எவ்வொழுங்கில் அமைந்துள்ளன என்பதை 1955 ஆம் ஆண்டளவில் முற்றாகக் கண்டறிந்தார். அதற்காக 1958 ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். பிற புரதங்களின் தொடர்களும் ஒவ்வொன்றாக ஆராய்ச்சி ஏடுகளில் வெளிவரலாயின. அவை பல ஏடுகளிற் சிதறிக் கிடந்தமையின், ஒன்றோடொன்றை ஒப்புநோக்க விரும்பியவர் பெரிதும் இடருற்றனர்.

இக்குறையை நீக்க முற்பட்டவர் மார்கரெட் டேஹொஃப் என்னும் அமெரிக்க அம்மையார். இரசாயனக் கணக்குகளைத் துளையட்டைப் பொறிகளாற் செய்து 1948 ஆம் ஆண்டில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர். கணினி என்பது பலருக்குப் பெயரளவிலும் தெரியாத அக்காலத்தில், அதன் ஆற்றலை உயிரியலுக்குப் பயன்படுத்தலாம் எனத் துணிந்தார். அறியப்பட்ட புரதத் தொடர்கள் அனைத்தையும் திரட்டி, 1965 ஆம் ஆண்டில் புரதத் தொடர் அட்லஸ் ஒன்றைத் தம் துணைவரோடு வெளியிட்டார். அதில் இருந்தவை 65 புரதங்களே. மெலிந்த அந்நூலே பின்னெழுந்த தொடர்ச் சுவடிக்கூடங்கள் அனைத்துக்கும் மூலம் எனின் மிகையாகாது. அமினோவமிலம் ஒவ்வொன்றையும் ஒரே எழுத்தாற் குறிக்கும் வழக்கமும் அவர் ஏற்படுத்தியதே. அட்டையில் இடம் மிச்சப்பட வேண்டும் என்ற சிக்கனத்திற் பிறந்த அவ்வழக்கம் இன்று உலக வழக்காயிற்று.

அம்மையாரின் முயற்சியில் ஒரு முட்டுப்பாடும் இருந்தது. தொடர்களைத் திரட்டிச் சரிபார்த்தல் பெருஞ்செலவான வேலை. அரசின் உதவி என்றும் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமையால், அட்லஸையும் பின்னர்க் காந்த நாடாக்களையும் விலைக்கு விற்றே செலவின் ஒரு பகுதியை ஈடுசெய்ய வேண்டியிருந்தது. வாங்கியவர் அவற்றை மேலும் பிறருக்குப் படியெடுத்து வழங்குதலையும் அவர் விரும்பவில்லை. ஆய்வுகூடத்திற் பல ஆண்டு உழைத்துத் தொடரைக் கண்டறிந்தவர்களுக்கோ இது உறுத்தியது. தாம் இலவசமாகக் கொடுத்ததையே தாம் விலைகொடுத்து வாங்க வேண்டுமா என்றனர். திரட்டுவதும் சரிபார்ப்பதும் எழுத்தர் வேலையே. அதனை ஆராய்ச்சி எனல் ஆகாது என்ற எண்ணமும் அவருட் பலருக்கு இருந்தது. சுவடி தேடிப் பதிப்பித்தோரைப் பற்றியும் இவ்வாறு பேசினோர் உண்டு. பதிப்பித்தல் எத்துணைப் பெரும்பணி என்பதை அறிய அவர்களுக்குக் காலம் பிடித்தது.

1977 ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. டி.என்.ஏ.யின் தொடரை விரைந்து அறியும் இரு முறைகள் அவ்வாண்டில் வெளியாயின. ஒன்று சாங்கருடையது, மற்றொன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மாக்சாம், கில்பேர்ட் என்போருடையது. பற்றீரியாவைத் தாக்கும் சிறு வைரசு ஒன்றின், ஏறக்குறைய 5,400 எழுத்துகள் கொண்ட முழுத்தொடரையும் சாங்கர் குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்டனர். தொடர்கள் பெருகப்போவதை உணர்ந்த விஞ்ஞானிகள் 1979 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நியூ யோர்க் நகரத்து ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்திற் கூடி, பொதுத் தரவுத்தளம் ஒன்று வேண்டுமெனத் தீர்மானித்தனர். ஐரோப்பியர் முந்திக்கொண்டனர். ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடம் 1982 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் 568 தொடர்களைக் கொண்ட தன் முதல் வெளியீட்டைத் தந்தது.

அமெரிக்காவில் அப்பணிக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் டேஹொஃப் அம்மையார். மற்றவர் நியூ மெக்சிக்கோவிலுள்ள லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்து வால்ற்றர் கோட் என்னும் பௌதிகவியலாளர். அணுகுண்டு பிறந்த அதே இடத்தில், ஐதரசன் குண்டுக்குரிய கணக்குகளைச் செய்தவர் அவர். பின்னர் உயிரியலில் நாட்டங்கொண்டு தொடர்களைத் திரட்டத் தொடங்கியிருந்தார். அனுபவத்தால் அம்மையாரே மேம்பட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோட் குழுவினர், தாம் திரட்டுவதில் எவ்வகை உரிமையும் கோரமாட்டோம் என்றும், அக்காலக் கணினி வலைப்பின்னலாகிய அர்ப்பாநெற்று வழியாக வேண்டுவோர்க்கு வழங்குவோம் என்றும் உறுதி கூறினர். 1982 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் அப்பணியை மசச்சூசெற்சிலுள்ள ஒரு கணினிக் கம்பெனிக்கும் அதனோடிணைந்த லொஸ் அலமோஸ் குழுவினருக்கும் அளித்தன. அதுவே ஜென்பாங்க். அவ்வாண்டு திசெம்பர் மாத வெளியீட்டில் 606 தொடர்களும் 680,338 எழுத்துகளும் இருந்தன. டேஹொஃப் அம்மையார் 1983 ஆம் ஆண்டு பெப்ருவரி 5 ஆம் நாள் காலமானார்.

இம்முடிவைச் சிலர் திறந்த அறிவுக்கும் மூடிய அறிவுக்கும் இடையே நிகழ்ந்த போராக வருணிப்பர். அவ்வருணனை அம்மையாருக்கு நீதி செய்வதன்று. தொலைபேசிக் கம்பி வழியாகத் தம் தரவுத்தளத்தைத் தூரத்திலுள்ளோர் ஆராய 1980 ஆம் ஆண்டிலேயே வழிசெய்தவர் அவர். காக்கும் செலவை யார் ஏற்பது என்ற வினாவுக்கு அவர் கண்ட விடை விலை. ஜென்பாங்க் கண்ட விடை அரசின் பணம். பின்னது பெருந்தன்மையானதே. ஆயினும் அரசு கொடுக்கும் வரையே அது நிலைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஜென்பாங்கின் முதலாண்டுகள் பெருமைக்குரியனவாக இல்லை. ஏடுகளில் அச்சான தொடர்களைப் பணியாளர் கண்ணாற் பார்த்து விரலால் தட்டச்சுச் செய்தனர். ஏடு பெயர்த்தெழுதுவோர்க்கு நேரும் எழுத்து மயக்கம் அங்கும் நேர்ந்தது. நான்கே எழுத்துகள் மாறி மாறி ஆயிரக்கணக்காக வரும் தொடரிற் பிழையைக் கண்டுபிடிக்கப் பொருளும் துணை செய்வதில்லை. வேலை தேங்கியது, கட்டுரை வெளிவந்து ஓராண்டுக்கு மேலாகியும் பல தொடர்கள் தளத்தை அடையவில்லை. இதற்குப் பரிகாரம் பொறியிலிருந்து வரவில்லை. ஓர் ஒழுங்குவிதியிலிருந்தே வந்தது. நியூக்கிளிக்கமில ஆராய்ச்சிக்கென வெளிவரும் ஏடொன்று, தொடரைத் தரவுத்தளத்தில் வைத்துப் பதிவிலக்கம் பெற்ற பின்னரே கட்டுரையை அச்சிடுவோம் என 1988 ஆம் ஆண்டில் விதித்தது. பிற ஏடுகளும் அதனைப் பின்பற்றின. கட்டுரை அச்சாவதையே தம் வாழ்வாகக் கொண்ட ஆராய்ச்சியாளருக்கு இதனினும் வலிய தூண்டுகோல் வேறில்லை. யப்பானின் மிசிமா நகரில் 1987 ஆம் ஆண்டில் மூன்றாவது தரவுத்தளம் முதல் வெளியீட்டைத் தந்தது. அன்றுதொட்டு மூன்றும் ஒன்றுக்கொன்று பதிவுகளைப் பரிமாறி வருகின்றன. எதிற் கேட்பினும் ஒரே தொடர் கிடைக்கும். 1988 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சட்டமொன்றால் நிறுவப்பட்ட தேசிய உயிர்த்தொழினுட்பத் தகவல் நிலையம் 1992 ஆம் ஆண்டில் ஜென்பாங்கைத் தன் பொறுப்பில் ஏற்றது.

எடுத்தல் என்பது இலக்கமறிந்து கேட்பது மட்டுமன்று. தன் கையிலுள்ள தொடருக்கு ஒப்பானது உலகில் எங்கேனும் உண்டோ எனத் தேடுதலே அதன் உயர்ந்த பயன். இதன் மதிப்பை 1983 ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று விளக்கிற்று. குரங்கிற் புற்றுநோயை உண்டாக்கும் வைரசொன்றின் பரம்பரையலகையும், இரத்தச் சிறுதட்டுகளிலிருந்து தோன்றிக் கலங்களை வளரச்செய்யும் புரதம் ஒன்றையும் ஒப்புநோக்கியபோது, இரண்டும் ஏறத்தாழ ஒன்றெனத் தெரிந்தது. கலிபோர்னியாவிலிருந்த றசல் டூலிற்றில், அட்லஸைப் பின்பற்றித் தாமே திரட்டிய தொடர்த் தொகுதியிற் கணினியாற் தேடி அதனைக் கண்டார். இங்கிலாந்தில் வேறொரு குழுவினரும் அதே உண்மையை அவ்வாண்டிற் கண்டனர். புற்றுநோய் வைரசு பிறவிப் பகையன்று, இயல்பான வளர்ச்சிப் புரதத்தைத் திருடிக்கொண்டது என்னும் கருத்து, புதிய பரிசோதனை எதுவுமின்றி, இரு தொடர்களை அருகருகே வைத்ததால் வலுப்பெற்றது. 1990 ஆம் ஆண்டில் வெளியான பிளாஸ்ற் என்னும் தேடுமுறை இத்தகைய ஒப்புநோக்கலைச் சில கணங்களின் வேலையாக்கியது.

தொடர்களைக் கொண்டுசேர்த்த வாகனங்களும் மாறிவந்தன. முதலிற் காந்த நாடாவும் நெகிழ்தட்டும் தபாலிற் சென்றன. பின்னர் மின்னஞ்சல் வந்தது. இலக்கத்தை எழுதி அனுப்பினால் மறுமுனையிலுள்ள பொறி தொடரை விடையாக அனுப்பும். 1990 களின் தொடக்கத்தில் என்ட்ரெஸ் என்னும் தேடுகருவி இறுவட்டில் வந்தது. சில ஆண்டுகளில் இணையத்தில் ஏறியது. ஹைடல்பேர்க்கில் ஆக்கப்பட்ட தொடர் மீட்பு முறைமையும் அக்காலத்ததே.

இனி, மனிதப் பரம்பரைத் தொடர். 1996 ஆம் ஆண்டு பெப்ருவரியிற் பெர்மியூடாத் தீவிற் கூடிய விஞ்ஞானிகள், ஜோன் சல்ஸ்ரன், றொபேட் வாற்றர்ஸ்ரன் ஆகியோரின் தூண்டுதலால், ஆயிரம் எழுத்துக்கு மேற்பட்ட தொடர்கள் யாவும் இயன்றவரை இருபத்து நான்கு மணி நேரத்துள் பொதுத்தளத்தில் வைக்கப்பட வேண்டும் என உடன்பட்டனர். கட்டுரை அச்சாகும்வரை தரவைப் பூட்டி வைத்தலே ஆராய்ச்சியாளர் இயல்பு. அதனைத் தாமே துறந்தனர். ஈராண்டுகளின் பின் செலெரா என்னும் கம்பெனி, தானும் மனிதத் தொடரை அறிந்து அதனைச் சந்தாதாரர்க்கு விற்கப் புறப்பட்டது. பொதுத்தளத்திலிருந்து எவரும் எடுக்கலாம் என்பதால் செலெராவும் எடுத்தது. தன்னுடையதை அங்கே வைக்கவில்லை. 2001 ஆம் ஆண்டில் அதன் கட்டுரையை வெளியிட்ட புகழ்பெற்ற ஏடு, ஜென்பாங்கில் வைக்கும் கடப்பாட்டினின்றும் அக்கம்பெனிக்கு விலக்களித்ததைப் பலர் கண்டித்தனர். விற்பனை நெடுங்காலம் நீடிக்கவில்லை. 2005 ஆம் ஆண்டிற் செலெரா தன் தரவுகளைப் பொதுவுக்கு விட்டது. எடுப்பவன் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது திறந்த கூடத்தின் குறையா, நிறையா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை.

அவ்வழக்கு அடுத்த ஆண்டில் வேறு உருவில் எழுந்தது. பறவைக் காய்ச்சல் பரவிய காலத்தில் வைரசுத் தொடர்கள், கடவுச்சொல் பெற்ற சிலரே பார்க்கக்கூடிய தளமொன்றில் இருந்தன. அங்கே வைக்க மறுத்த இத்தாலிய விஞ்ஞானி இலாரியா கப்புவா, தம் தொடரை 2006 ஆம் ஆண்டில் ஜென்பாங்கில் எல்லோரும் காண வைத்தார். மறுபுறத்தில் இந்தோனேசியா, தான் கொடுக்கும் வைரசிலிருந்து பிறர் செய்யும் தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டா விலையில் விற்கப்படும் எனக் கூறி, மாதிரிகளைக் கொடுக்க மறுத்தது. இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. 2008 ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிசெய்ட் என்னும் தளம் இடைவழியை நாடியது. அங்கே எடுப்பவர் தம் பெயரைப் பதிந்து, கொடுத்தவரை மதித்து நடப்பதாக உடன்பட வேண்டும். பிறருக்குப் படியெடுத்து வழங்கலாகாது. டேஹொஃப் அம்மையாரின் நிபந்தனை கால் நூற்றாண்டின் பின் மீண்டும் வந்ததென்றே கூறலாம். ஆனால் இம்முறை அது பணத்துக்காக அன்று, மதிப்புக்காக.

இவ்வரலாற்றில் மிகக் கடுமையான சோதனை கொரோனா வைரசின் தொடரால் நேர்ந்தது. ஷாங்ஹாய் நகரத்துச் சாங் யோங்சென் குழுவினர் வூகானிலிருந்து வந்த மாதிரியின் தொடரை 2020 ஆம் ஆண்டு சனவரி 5 ஆம் நாள் அறிந்து, அன்றே ஜென்பாங்குக்கு அனுப்பினர். வெளியிடுதலைச் சீன அதிகாரிகள் தடைசெய்திருந்தமையால் அது வெளிவரவில்லை. சனவரி 11 ஆம் நாள், சாங் விமானத்தில் அமர்ந்திருந்தபோது, சிட்னியிலிருந்த எட்வர்ட் ஹோம்ஸ் தொலைபேசியில் அவருடைய இசைவைப் பெற்று, தொடரை இணையத்தில் வெளியிட்டார். மறுநாளே சாங்கின் ஆய்வுகூடம் மூடப்பட்டது. முதற்பதிப்பில் 30,473 எழுத்துகள் இருந்தன. திருந்திய மூன்றாம் பதிப்பில் 29,903. வெளியான இரு நாட்களுள், பேர்லினிற் செய்த பரிசோதனை முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அதே சனவரி 13 ஆம் நாளில் மொடெர்னாத் தடுப்பூசிக்குரிய தொடரும் தீர்மானிக்கப்பட்டது. வைரசைக் கண்ணாற் காணாதவர்களே இவற்றைச் செய்தனர். அவர் கையில் இருந்தது எழுத்து மட்டுமே.

நான்கு ஆண்டுகளின் பின், 2024 ஆம் ஆண்டு சனவரியில், வேறோர் உண்மை வெளியாயிற்று. பெய்ஜிங்கிலுள்ள ஆய்வு நிலையமொன்றின் விஞ்ஞானி, ஏறத்தாழ அதே தொடரை 2019 திசெம்பர் 28 ஆம் நாளிலேயே ஜென்பாங்குக்கு அனுப்பியிருந்தார். சில தொழினுட்ப விபரங்கள் குறைவாக இருந்தமையால் பணியாளர் விளக்கம் கேட்டனர், விடை வரவில்லை, 2020 சனவரி 16 ஆம் நாள் வழக்கப்படி அது வரிசையினின்றும் நீக்கப்பட்டது. பணியாளர் விதியை மீறவில்லை. விபரமில்லாத் தொடரை வெளியிடலாகாது என்பது, பிழையான தொடர்கள் பெருகிய பழைய நாட்களின் அனுபவத்திற் பிறந்த நல்விதி. அந்த விதியே, பிந்திய ஒரு நாளும் உயிர்களாற் கணக்கிடப்பட்ட அக்காலத்தில், இரு வாரத்தை விழுங்கிற்று.

வைத்ததைத் திரும்பப் பெறும் உரிமையும் வைத்தவருக்கு உண்டு. வூகானில் ஆதியிற் சேகரித்த சில மாதிரிகளின் தொடர்த் துண்டுகளை 2020 மார்ச்சில் அமெரிக்கத் தளத்தில் வைத்த ஆராய்ச்சியாளர், யூன் மாதத்தில் அவற்றை நீக்குமாறு கேட்டனர், நீக்கப்பட்டன. சியாற்றில் நகரத்து ஜெசி புளூம் என்பவர் மறு ஆண்டில் அக்குறையைக் கண்டார். தளத்தின் படிகள் கூகுள் கம்பெனியின் கணினிகளிலும் சேமிக்கப்படுவதை அறிந்து, அங்கே தேடி, கோப்புகளை மீட்டு, 13 மாதிரிகளின் பகுதித் தொடர்களை அமைத்தார். நோயின் தோற்றத்தைப் பற்றி அவை கூறுவது யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு படி அழிந்தாலும் மறுபடி எஞ்சும் என்பது ஏட்டுச்சுவடி காத்தோர் அறிந்ததே. இங்கோ அது எவரும் எண்ணிச் செய்யாமல் நிகழ்ந்தது.

அண்மையில் எழுந்துள்ள வழக்கு நம்போன்ற நாடுகளையும் சார்ந்தது. ஒரு நாட்டுக் காட்டு மூலிகையை எடுத்துச் செல்ல அனுமதி வேண்டும். ஆனால் அதன் தொடர் பொதுத்தளத்தில் இருப்பின், எவரும் அதனை எடுத்து மருந்து செய்து இலாபம் ஈட்டலாம். மூலிகை வளர்ந்த ஊருக்கு யாது கிடைக்கும்? உயிரினப் பல்வகைமை உடன்படிக்கையைச் சார்ந்த நாடுகள், இலங்கை உட்பட, பல ஆண்டுகள் இதனை வாதித்தன. 2024 ஆம் ஆண்டில் கொலொம்பியாவின் கலி நகரில் எடுத்த முடிவின்படி 2025 பெப்ருவரியிற் கலி நிதியம் தொடங்கப்பட்டது. இத்தொடர்களாற் பயன்பெறும் பெருங்கம்பெனிகள் தம் இலாபத்தில் நூற்றுக்கு ஒரு பங்கையோ, வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒரு பங்கையோ அதற்கு வழங்க வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றது. அதிற் பாதியேனும் பழங்குடியினருக்கும் உள்ளூர் மக்களுக்கும் செல்லும். கொடுப்பது கம்பெனிகளின் விருப்பத்தைப் பொறுத்தது. புதிய தொடரை வைப்போர், மாதிரி எந்நாட்டில் எப்போது சேகரிக்கப்பட்டது என்பதைப் பொதுத்தளத்தில் இன்று குறிப்பிட வேண்டியிருக்கின்றது. எடுப்போர் பெயரைக் கேட்கும் வழக்கமோ ஜென்பாங்கில் இல்லை. ஆதலின் எவர் எதனை எடுத்து எதனைச் செய்தார் என்பதை எடுத்த கம்பெனியே முன்வந்து சொல்ல வேண்டும்.